தொண்ணூற்றிரண்டு நாள்

மணி பதினொன்று பத்து. விசாரணை மூன்று மணிக்கு.

“இன்னும் நாலு மணி நேரம்கூட இல்லை. நேத்தே வந்திருக்கலாமே?” என்றேன்.

“நேத்து சாயங்காலம்தாங்க கடிதமே வந்தது,” என்றாள் மூத்தவள்.

அதுவும் அந்த அலுவலகத்தின் வழக்கம்தான். முடிவெடுக்க அவர்கள் நாலு வருஷம் எடுத்துக்கொள்வார்கள். பதில் சொல்ல நமக்கு ஒரு நாள் தருவார்கள்.

எங்கள் கடை குடியேற்ற அலுவலகத்து வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது. ஜெராக்ஸ், படிவம் நிரப்புதல், பாஸ்போர்ட் போட்டோ என்று பலகையில் எழுதியிருக்கும். நாலாவதாக ஒரு தொழில் உண்டு. அதைப் பலகையில் எழுதவில்லை. கடை முதலாளி ஃபைலக்கா எதிர்க் கட்டடத்தின் ஆவண அறையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். மேலதிகாரி ஒருவர் ஒரு கோப்பைத் தொலைக்கச் சொன்னபோது, கோப்பை வைத்துக்கொண்டு வேலையைத் தொலைத்தவர். எந்தக் காகிதம் எங்கே மாயமானது, யார் அதை மாயமாக்கியது, ஏன் என்று துப்பறிந்து சொல்வதில் அவரை விட்டால் இந்த ஊரில் ஆள் கிடையாது.

என்னைத் தற்காலிகம் என்பார்கள். பதினாலு வருஷமாக இந்த நாட்டில் இருக்கிறேன், பதினாலும் ஒருவருஷ விசா. ஒவ்வொரு தடவையும் என் பாஸ்போர்ட்டில் ‘தற்காலிகம்’ என்று கொட்டை எழுத்தில் ஒரு சீட்டை ஒட்டித் தருவார்கள். முதலில் கோபம் வந்தது. இப்போது யாராவது என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள். மூத்தவளுக்கு நாற்பத்து நாலு வயது இருக்கும். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கிறவள். விரல் நுனிகள் தேய்ந்து வழவழவென்று இருந்தன. இளையவள் அவளுடைய தங்கை, ஐந்து வயது சின்னவள். உட்கார்ந்ததிலிருந்து கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

ஃபைலக்கா கடிதத்தைச் சத்தமாகப் படித்தார்.

“தாங்கள் குடியுரிமை மனுவில், தொடர்ந்து தொண்ணூறு நாளுக்கு மேல் நாட்டை விட்டு வெளியே இருந்ததில்லை என்று உறுதி கூறியுள்ளீர்கள். மூன்று வருடங்களுக்கு முன் மார்ச் 4 முதல் ஜூன் 3 வரை தொண்ணூற்றிரண்டு நாள் வெளியே இருந்ததாக எல்லைப் பதிவு காட்டுகிறது. நேரில் வந்து விளக்கம் தரவும். தவறினால் மனு நிராகரிக்கப்பட்டு, வசிப்பு உரிமையும் ரத்தாகும்.” பிறகு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “எங்க போனீங்க?”

“எங்கயும் போகலை மேடம். பதினேழு வருஷமா இந்த ஊர் எல்லையைத் தாண்டினதில்லை. சத்தியமா.”

“கணினி போனீங்கன்னு சொல்லுது.”

“கணினிக்கு என்ன, அது உட்கார்ந்த இடத்துலயே இருக்கு,” என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

“அந்த மூணு மாசம் வேலைக்குப் போன அத்தாட்சி?”

“கடையை இடிச்சுக் கட்டிக்கிட்டிருந்தாங்க. சம்பளமில்லாத லீவு.”

“போன் பில்?”

“போன் இவ பேர்ல.”

“பக்கத்து வீட்டுக்காரங்க?”

“அவங்களும் நம்மள மாதிரி வெளிநாட்டுக்காரங்கதான். அவங்க சாட்சி செல்லாதுன்னு சொல்றாங்க.”

கடிதத்தோடு ஒரு ஜெராக்ஸ் நகலும் இணைத்திருந்தார்கள். ஜூன் 3-ஆம் தேதி விமான நிலையத்தில் நிரப்பிக் கொடுத்த வருகை அட்டை. பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் எல்லாம் மூத்தவளுடையவை. முகவரிக்கு ஒதுக்கிய ஒரு வரியில் நாலு வரியை நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தது. ஃபைலக்கா அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். பிறகு எங்கள் கடையின் வாடிக்கையாளர் படிவம் ஒன்றை எடுத்து இளையவளிடம் நீட்டினார்.

“நீங்க இதை நிரப்பிக் கொடுங்க. சும்மா, எங்க பதிவுக்கு.”

எங்களுக்குப் பதிவே கிடையாது. இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை. இளையவள் எழுதினாள், எழுதினாள், எழுதிக்கொண்டே இருந்தாள். ஃபைலக்கா அதை வாங்கி ஒரு பார்வை பார்த்து, மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

“அந்தத் தொண்ணூத்திரண்டு நாள்ல ஒரு நாளாவது இந்த அலுவலகத்துக்கு வந்தீங்களா?”

மூத்தவள் நிமிர்ந்தாள். “வந்தேன் மேடம்! ஏப்ரல் பத்தொன்பது. பிப்ரவரியில வீடு மாறினதைப் பதியணும்னு வந்தேன். ஆனா கவுண்ட்டர் வரைக்கும் போகலை. பாதியில திரும்பிட்டேன். டோக்கன்கூட வாங்கலை.”

“பட்டியல்ல பேர் கொடுத்தீங்களா?”

“கொடுத்தேன்.”

“அந்த நோட்டெல்லாம் இப்ப எங்கக்கா இருக்கும்,” என்றாள் இளையவள் அவசரமாக. “மூணு வருஷம் ஆச்சு. விடுக்கா. மறுபடி மனு போட்டுக்கலாம்.”

“மறுபடி போட வசிப்பு உரிமை வேணுமேடி. அதையும்தானே பிடுங்கறாங்க?”

பட்டியல் என்றால் என்னவென்று எதிர்க் கட்டடத்தின் வாசலில் நின்றவர்களுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு நாளைக்கு அறுபது டோக்கன். ஒன்பது மணிக்குக் கதவு திறக்கும். கூட்டம் விடிவதற்கு முன்பே வந்துவிடும். முதலில் வருகிறவர் ஒரு நோட்டில் ‘ஒன்று’ என்று போட்டுத் தன் பெயரை எழுதுவார், அடுத்தவர் இரண்டு. மணிக்கு ஒரு தடவை பெயர் கூப்பிடுவார்கள். இருந்தால் டிக், இல்லாவிட்டால் கோடு. அலுவலகத்துக்கும் அந்த நோட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் காவலாளி அதைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்.

“அப்ப யாரு பட்டியல் வச்சிருந்தது?” என்றார் ஃபைலக்கா என்னிடம்.

“நம்பர்,” என்றேன். “வேற யாரு? அவனுக்குக் குடியுரிமை கிடைச்சு ஒரு வருஷம் கழிச்சும் பட்டியல் எழுத வந்துக்கிட்டிருந்தானே. பழக்கதோஷம்.”

“இவங்க இங்கேயே இருக்கட்டும். நீ காரை எடு.”

*

நம்பர் இப்போது ஊரின் மறுகோடியில் கார் கழுவும் இடத்தில் வேலை பார்க்கிறான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் தண்ணீர்க் குழாய். எங்களைக் கண்டதும் குழாயை நிறுத்தினான்.

“நோட்டா? எந்த நோட்டு? நான் ஒண்ணும் எழுதலையே.”

“இவ்வளவு சீக்கிரம் இல்லைன்னு சொன்னா இருக்குன்னு அர்த்தம்,” என்றேன்.

“தற்காலிகம், நீ சும்மா இரு. இந்தம்மா பழைய ஆபீஸ்காரங்க. எனக்குத் தெரியும்.”

“பழையதுன்னு நீயே சொல்லிட்டே,” என்றார் ஃபைலக்கா. “இப்ப நான் வாசலுக்கு இந்தப் பக்கம். ஒரு பொம்பளை நாட்டை விட்டுப் போகணுமா வேண்டாமான்னு மூணு மணிக்கு முடிவாகப் போகுது. உன் நோட்டுல ஒரு வரி பார்க்கணும், அவ்வளவுதான். எடுத்துக்கிட்டுப் போக மாட்டேன்.”

நம்பர் யோசித்தான். ஒரு காலத்தில் அவன் பெயரையே யாரோ தவறாகக் கோடு போட்டு அடித்துவிட்டார்கள். அன்றைக்கு உள்ளே போக முடியாமல் அவன் மனு ஒரு வருஷம் தள்ளிப்போனது. அதற்குப் பிறகுதான் நோட்டைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டான், ஒரு தாளையும் கிழிக்காமல் வைத்திருக்கிறான்.

அவனுடைய அறை கழுவுமிடத்துக்கு மேலேயே இருந்தது. கட்டிலுக்கு அடியில் மூன்று அட்டைப் பெட்டிகள். பள்ளிக்கூட நோட்டுகள் நூற்றுக்கும் மேல். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து தேடினோம். ஒவ்வொரு பக்கத்திலும் எண், பெயர், டிக் போட மூன்று கட்டம், கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தைப் படிக்க ஆரம்பித்தால் மனசு கனத்துவிடும். ‘குழந்தைக்குக் காய்ச்சல், பத்து இடம் முன்னால் விட்டோம்.’ ‘மயங்கி விழுந்தார், எழுந்து மறுபடி நின்றார்.’ ஒரு பக்கத்தில் என் பெயரும் இருந்தது. குறிப்பு: ‘வாய் அதிகம்.’

“இதை மட்டும் கிழிச்சுக் குடு,” என்றேன்.

“நோட்டுல இருக்கறது இருக்கறதுதான்,” என்றான் நம்பர்.

மணி ஒன்று பதினைந்துக்கு ஃபைலக்காவின் விரல் ஒரு வரியில் நின்றது.

ஏப்ரல் 19. எண் முப்பத்தொன்று. மூத்தவளின் பெயர். மூன்று கட்டத்திலும் டிக். அதற்கு மேல் ஒரு கோடு. குறிப்பு: ‘பைக்குள் பாஸ்போர்ட் இல்லை. அழுதார். போய்விட்டார்.’

நான் துள்ளிக் குதித்துவிட்டேன். “முடிஞ்சுது! அன்னிக்கு இங்க வரிசையில நின்ன பொம்பளை எப்படி வெளிநாட்டுல இருக்க முடியும்? நம்பரு, உன் வாயில சர்க்கரை போடணும். அக்கா, போட்டோ எடுத்துக்கவா?”

“வேண்டாம்.” ஃபைலக்கா நோட்டை மூடினார். பெட்டியில் எந்த இடத்தில் இருந்ததோ அங்கேயே வைத்தார். “நம்பரு, யார் வந்து கேட்டாலும் இந்த நோட்டு உன்கிட்ட இல்லை. முதல்ல சொன்னியே, அதே மாதிரி சொல்லு.”

நம்பர் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

*

காரில் ஏறியதும் கேட்டுவிட்டேன். “என்னக்கா இது? கைக்கு வந்த அத்தாட்சியைப் பெட்டியில போட்டுட்டு வர்றீங்க?”

“அது அத்தாட்சி இல்லை, கத்தி. வண்டியை ஓட்டு, சொல்றேன்.” அவர் வருகை அட்டையின் நகலை மடியில் விரித்தார். “நீ இந்த நாட்டுக்குள்ள வந்தப்ப இதை நிரப்பினியா?”

“நிரப்பினேன். பதினாலு வருஷம் முன்னாடி.”

“உள்ளூர்ல வசிப்பு உரிமை இருக்கறவங்க?”

நான் யோசித்தேன். “அவங்களுக்குத் தனி வரிசை. பாஸ்போர்ட்டைக் காட்டிட்டு நேராப் போயிடலாம். இந்த அட்டை புதுசா வர்றவங்களுக்கு மட்டும்தான்.”

“அப்ப பதினேழு வருஷமா வசிப்பு உரிமை வச்சிருக்கறவ எதுக்கு இதை நிரப்பினா?”

சிவப்பு விளக்கில் நின்றேன். பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தபோதுதான் பச்சை விழுந்தது தெரிந்தது.

“நிரப்பினவளுக்கு அந்தத் தனி வரிசை தெரியாது,” என்றார் ஃபைலக்கா. “வசிப்பு உரிமையோட ஒரு நாளும் நடந்து பழக்கமில்லாதவ. யாரோ அட்டையை நீட்டியிருக்காங்க, பயத்துல வாங்கி நிரப்பியிருக்கா. பயந்தவங்க படிவத்துல கேக்காததையும் எழுதுவாங்க. முகவரியைப் படி.”

நகலைச் சாய்த்துப் பிடித்தார். ‘மூன்றாம் மாடி, இடது பக்கக் கதவு. மணி அடிக்காது, தட்டவும். இரண்டு தடவை தட்டவும்.’

“விமான நிலையத்துக்காரன் எதுக்குக்கா போய்க் கதவைத் தட்டப் போறான்?” என்றேன்.

அவர் பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தார். காலையில் எங்கள் கடையில் இளையவள் நிரப்பிய படிவம். முகவரி வரியில் அதே நுணுக்கல் எழுத்து. ‘மூன்றாம் மாடி, இடது கதவு. மணி ரிப்பேர். பலமாகத் தட்டவும், முன்னறையில் இருந்தால் கேட்காது.’

சிரிக்க வேண்டிய விஷயம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“தங்கச்சியா?”

“விசா விவரத்தையும் கேக்காமலே இதுல எழுதியிருக்கா. அப்ப அவளுக்கு விசாவே கிடையாது. முடிஞ்சுபோய் மறைஞ்சு இருந்தா. தன் பாஸ்போர்ட்ல வெளியே போனா திரும்பி வர முடியாது. அக்கா பாஸ்போர்ட்ல போனா வரலாம். முகஜாடை ஒண்ணு. போன வருஷம்தான் அவளுக்கும் ஒருவருஷ விசா கிடைச்சிருக்கு, உன்னை மாதிரி.”

“அப்ப நோட்டைக் காட்டினா...”

“அக்கா இங்கே இருந்தாங்கறது நிரூபணமாகும். அந்த நிமிஷமே அடுத்த கேள்வி வரும், அப்ப போனது யாரு? பாஸ்போர்ட்டை இன்னொருத்தருக்குக் கொடுத்தா ரெண்டு பேரையும் வெளியே அனுப்பிடுவாங்க. பத்து வருஷம் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. கொடுக்கலை, திருடிட்டாள்னு அக்கா சொன்னா தங்கச்சி ஜெயிலுக்குப் போவா.”

“உண்மையைச் சொன்னா ரெண்டு பேரும் காலி. போனேன்னு பொய் சொன்னா?”

“மனு காலி, வசிப்பும் காலி. அக்கா மட்டும் போவா.”

“மூணாவதா ஒரு வழி?”

“நீ அஞ்சு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு வந்தா யோசிக்கலாம்.”

மூடிக்கொண்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி விரல்களை மடக்கி எதையோ எண்ணிக்கொண்டே வந்தார். மார்ச், ஏப்ரல், மே என்று முணுமுணுத்தார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

*

மணி இரண்டு ஐம்பது. விசாரணை அறைக்கு வெளியே நீளமான நடைபாதை. இளையவளைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, ஃபைலக்கா மூத்தவளைத் தண்ணீர்க் குழாய் பக்கம் அழைத்துப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

“வரிசையில அழுதீங்களே, அந்தப் பாஸ்போர்ட் அப்புறம் எங்க கிடைச்சுது?”

“ஜூன்ல. அலமாரியில, துணிக்கு அடியில. நான் பத்துத் தடவை தேடின இடம்.”

“தங்கச்சி அப்ப எங்க இருந்தா?”

“வேற ஊர்ல ஒரு வீட்டோட தங்கி வேலைன்னு போயிருந்தா. அவ திரும்பி வந்த வாரம்தான் கிடைச்சுது.”

“கேட்டீங்களா?”

“கேக்கலை.”

“தெரியுமா?”

மூத்தவள் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “தெரியும்னு சொன்னாப் பொய். தெரியாதுன்னு சொன்னா அதைவிடப் பெரிய பொய்.” பிறகு மடமடவென்று சொன்னாள். “அந்த மார்ச்ல அம்மாவுக்கு ரொம்ப முடியலைன்னு போன் வந்தது மேடம். நான் போகலை. ஒரு நாள் வெளியே போனாலும் குடியுரிமைக்கு எண்ணுற வருஷக் கணக்கு மறுபடி முதல்லேருந்துன்னு வரிசையில எல்லாரும் சொன்னாங்க, நம்பிட்டேன். மே மாசம் அம்மா போயிட்டாங்க. இந்த வருஷம் மனுப் படிவத்தைக் கையில வாங்கினப்பதான் பார்த்தேன், தொண்ணூறு நாள் வரைக்கும் போகலாமாம். நான் போயிருக்கலாம் மேடம். தாராளமாப் போயிட்டு வந்திருக்கலாம்.”

வரிசையில் நிற்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் சட்டம் அது. நானும் அதைப் பத்துப் பேருக்காவது சொல்லியிருப்பேன். எனக்கு அங்கேயே என்னை நாலு அறை அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

“கேளுங்க,” என்றார் ஃபைலக்கா. “உள்ளே போய்ப் போனேன்னும் சொல்லாதீங்க, போகலைன்னும் சொல்லாதீங்க. நோட்டைப் பத்தி மூச்சு விடாதீங்க. தங்கச்சி வெளியிலயே இருக்கட்டும். அவ எழுத்து அந்த அறைக்குள்ள ஒரு எழுத்துகூட விழக் கூடாது.”

கதவு திறந்தது. மூத்தவளின் பெயரைக் கூப்பிட்டார்கள். நாங்கள் திரும்புவதற்குள் இளையவள் எழுந்து எங்களுக்கு முன்னால் உள்ளே போய்விட்டாள்.

*

விசாரணை அதிகாரி ஐம்பது வயதுக்காரர், மெலிந்த மனிதர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் காகிதத்தைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார். மூத்தவள் தன் நிலைமையிலும் அதைக் கவனித்தாள். தொழில்காரி அல்லவா. அவர் எதிரே கோப்பு திறந்திருந்தது. மேலேயே வருகை அட்டை, அசல்.

“துணைக்கு வந்தது யாரு?” என்றார். “ஒருத்தர் இந்தப் படிவத்தை நிரப்பணும். பேர், முகவரி, கையெழுத்து.” என்று படிவத்தை நேரே இளையவளின் முன்னால் நகர்த்தினார். அவளுக்கு ஒரு சாண் தள்ளி அந்த அட்டை கிடந்தது.

இளையவள் பேனாவை எடுத்தாள். எழுதவில்லை. “சார், நான்தான்...” என்று ஆரம்பித்தாள்.

அவள் எதைச் சொல்ல வருகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நான் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. பேனாவை அவள் கையிலிருந்து வாங்கினேன்.

“துணை நான் சார். இவங்க கூட வந்தவங்க, அவ்வளவுதான். பயந்த சுபாவம். படிவத்தைப் பார்த்தாலே பேச்சு வராது.”

அதிகாரி கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். “உங்களை எனக்குத் தெரியுமே. எதிர்க் கடை. அடுத்த மாசம் உங்களுக்குப் புதுப்பிக்கற தேதி இல்லை?”

“ஆமா சார். நீங்கதான் பார்ப்பீங்க.”

“ஞாபகம் வச்சுக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க.”

போட்டேன். பதினாலு வருஷத்தில் என் கையெழுத்து இவ்வளவு கோணலாக விழுந்ததில்லை.

அதிகாரி மூத்தவளிடம் திரும்பினார். “சுத்தி வளைக்க வேண்டாம். மார்ச் 4-ஆம் தேதி நாட்டை விட்டுப் போனீங்களா, இல்லையா?”

மூத்தவள் வாயைத் திறந்தாள். சத்தியமான பதில் நுனி நாக்கில் நின்றது. அதைச் சொன்னால் எல்லாம் தீர்ந்தது.

“அந்தக் கேள்வி படிவத்துல இல்லை சார்,” என்றார் ஃபைலக்கா.

“என்னது?”

“போனீங்களான்னு படிவம் கேக்கலை. தொடர்ந்து தொண்ணூறு நாளுக்கு மேல வெளியே இருந்தீங்களான்னு கேக்குது. இவங்க இல்லைன்னு எழுதினாங்க. அது பொய்யின்னு நீங்க கடிதம் அனுப்பினீங்க. அது பொய்யில்லைன்னா இந்த விசாரணையே கிடையாது. சரிதானே?”

“தொண்ணூத்திரண்டு நாள்ம்மா. கணினி எண்ணியிருக்கு.”

“கணினி எந்த நாளிலேருந்து எண்ணிச்சு?”

“மார்ச் 4. போன நாள்.”

“எதுவரைக்கும்?”

“ஜூன் 3. வந்த நாள்.”

“மார்ச் 4 காலையில இந்தப் பாஸ்போர்ட் எங்க இருந்தது?”

ஃபைலக்காவே பதிலையும் சொன்னார்.

“இந்த நாட்டுலதான் இருந்தது. ஜூன் 3 சாயங்காலம் எங்க இருந்தது? அதுவும் இந்த நாட்டுலதான். கிளம்பின நாளும் வந்து இறங்கின நாளும் உள்ளே இருந்த நாளாக் கணக்கு. கையேட்டுல நாள் எண்ணுற அத்தியாயம், ரெண்டாவது பத்தி. போன வருஷம்தான் இங்கே கணினி வந்தது. அதுக்கு அந்தப் பத்தியை யாரும் சொல்லிக் கொடுக்கலை போலிருக்கு.”

அதிகாரி அலமாரியிலிருந்து தடியாக ஒரு புத்தகத்தை எடுத்தார். கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார். நாலு பக்கம் புரட்டினார், ஐந்தாவதில் நின்றார். பிறகு மேசைக் காலண்டரை எடுத்துப் பென்சிலால் ஒவ்வொரு நாளாகத் தொட்டுக்கொண்டே போனார். நான் அவருடைய பென்சிலோடு சேர்ந்து மனசுக்குள் எண்ணினேன். எண்பத்தேழில் தவறவிட்டு மறுபடி பிடித்தேன்.

“தொண்ணூறு,” என்றார் அதிகாரி.

“தொண்ணூறுக்கு மேலயா சார்?”

“தொண்ணூறு.” அவர் பென்சிலைக் கீழே வைத்தார். வருகை அட்டையை எடுத்தார். அதை ஒரு தடவை கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், ஒரு தடவை தூரத்தில் வைத்துப் பார்த்தார். இளையவளைப் பார்த்தார். கடைசியாக ஃபைலக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. இருபத்தாறு வருஷம் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தவர்கள் அவர்கள்.

அட்டையைக் கோப்பின் அடியில் செருகினார். மேலே ஒரு வரி எழுதி முத்திரை குத்தினார்.

“உறுதிமொழி எடுக்க வர்ற திங்கட்கிழமை பத்து மணிக்கு வாங்க. போகலாம்.”

கதவருகில் மூத்தவள் திரும்பினாள். “சார், உங்களுக்குப் படிக்கிற கண்ணாடிப் பவர் மாத்தணும். கடைக்கு வாங்க.”

*

வெளியே படிக்கட்டில் வெயில் கொளுத்தியது. நான் முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். “அக்கா, அடுத்த மாசம் அந்த ஆளு என்னைத் திருப்பி அனுப்பிட்டா கடையை யாரு பார்த்துப்பா?” என்றேன்.

“ஜெராக்ஸ் மிஷின் பார்த்துக்கும். அதுக்குப் பேசத் தெரியாது, வேலை சீக்கிரம் நடக்கும்,” என்றார் ஃபைலக்கா. சொல்லிவிட்டு என் தோளில் கையை வைத்தார். எடுக்கவில்லை.

எங்களுக்கு நாலு படி கீழே சகோதரிகள் இருவரும் நின்றார்கள். மூன்று வருஷமாக ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டு, இந்த ஒன்றை மட்டும் பேசாமல் காலம் தள்ளியவர்கள். மூத்தவள் தெருவைப் பார்த்தபடியே கேட்டாள்.

“அம்மா என்னைக் கேட்டாங்களாடி?”

இளையவள் அழ ஆரம்பித்தாள். விசாரணை அறைக்குள் அடக்கி வைத்ததெல்லாம் இப்போது வந்தது. “கேக்கவே இல்லைக்கா. அவங்களுக்குக் கண்ணு சுத்தமாத் தெரியலை. நாங்க ரெண்டு பேரும் வந்திருக்கோம்னு சொல்லிட்டேன். ஒரு பக்கம் உட்கார்ந்து என் குரல்ல பேசுவேன். எழுந்து அந்தப் பக்கம் போய் உன் குரல்ல பேசுவேன். இந்தக் கை என்னோடதுன்னு சொன்னேன், இந்தக் கை உன்னோடதுன்னு சொன்னேன். அம்மா இருந்த வரைக்கும் நான் ரெண்டு பேரா இருந்தேங்க்கா.”

“நம்பினாங்களா?”

“தெரியலை. ஆனா கடைசியா உன் கையைத்தான் பிடிச்சிருந்தாங்க.”

மூத்தவள் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தாள். “எது என் கை?”

இளையவள் இடது கையை நீட்டினாள்.